எடை குறையும்போது எலும்பு குறையலாகாது

ஆகாரப் பற்றாக்குறையைப் பற்றி மட்டுமே கிராமங்களில் பேசிவந்த காலம் ஒன்று உண்டு. வயிறு நிறையாத குடும்பங்கள் இன்றும் இல்லாமற் போகவில்லை. எனினும் அதே ஊரில், அதே தெருவில், உடலின் எடையைக் குறைத்தாக வேண்டும் என்று மருத்துவரால் அறிவுறுத்தப்பட்ட தாய்மார்களையும் இப்போது காண்கிறோம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் தம் உயரத்துக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். 2015-16இல் நடந்த முந்தைய ஆய்வில் இத்தொகை நூற்றுக்கு 31 ஆக இருந்தது. ஐம்பதைக் கடந்த பெண்கள் இக்கணக்கில் சேரவே இல்லை. ஆயினும் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி ஆகிய மூன்றும் அவர்களையே மிகுதியாக வாட்டுகின்றன என்பது கிராமத்தில் பணிபுரியும் எவருக்கும் தெரிந்ததே.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இல்லந்தோறும் சோதிக்கப்படுகின்றன. அதன் பயனாக எடையைப் பற்றிய கவலையும் இல்லந்தோறும் வந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், ‘எடையைக் குறையுங்கள்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஒரு தாயார், அதன்பின் எதைக் குறைக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதை நாம் விசாரிப்பதில்லை. இக்கட்டுரையின் நோக்கம் அதை விசாரிப்பதே.

குறைவது எது?

தராசில் ஏறி நிற்கும்போது அது காட்டும் எண் ஒன்றே. அந்த எண்ணுக்குள் கொழுப்பு, தசை, எலும்பு, நீர் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. எடை குறைந்தது என்றால் இவற்றுள் எது குறைந்தது என்பதைத் தராசு சொல்லாது. உணவை மட்டும் குறைத்து எடையைக் குறைப்பவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதியாக, அதாவது பெரும்பாலும் தசையும் அதனுடன் சேர்ந்த நீருமாக இருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. எட்டுக் கிலோ குறைந்த ஒருவர் இரண்டு கிலோ அளவுக்கு இத்தகைய நல்ல பகுதியையும் இழந்திருக்கக்கூடும். எலும்பும் இதற்கு விலக்கன்று. எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால், எலும்பின் செறிவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த ஒன்றும் இரண்டும் இளம் வயதில் பெரிதல்ல. மாதவிலக்கு நின்றபின் நிலைமை வேறு. அதுவரை எலும்பின் கரைவை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் அப்போது மிகவும் குறைந்துவிடுகிறது. எலும்பு என்பது கல்லைப் போல் கிடக்கும் பொருள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாள்தோறும் ஒருபுறம் கரைந்து, மறுபுறம் கட்டப்பட்டு வரும் உயிருள்ள பொருளாகும். மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில், கட்டும் வேலையைக் கரைக்கும் வேலை மிஞ்சிவிடுகிறது. அதே காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. சர்க்கரை நோய்க்கு இடமளிப்பது இந்த வயிற்றுக் கொழுப்பே. ஆகவே எடையைக் குறைக்கச் சொல்லும் காரணமும், எடையைக் குறைப்பதால் வரும் ஆபத்தும் ஒரே வயதில் வந்து சேருகின்றன.

வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து உண்டு. இன்று கால்சியம் என்று பலரும் அழைப்பது இதையே. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. எஞ்சிய ஒரு பங்கே இரத்தத்திலும் தசையிலும் நின்று, இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் உதவுகிறது. இரத்தத்தில் உள்ள அளவு சிறிதும் குறையக் கூடாது. உணவில் வரும் சத்து போதவில்லையென்றால் பாராதைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பி விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. எலும்பு வீட்டுக் குதிரைப் போன்றது எனலாம். விளைச்சல் வராத நாளில் குதிரில் உள்ளதை எடுத்துத்தான் உலை வைக்க வேண்டும். ஒருநாள் இருநாள் எடுத்தால் குறையில்லை. ஆண்டுக் கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தால் அடி தெரிந்துவிடும்.

எடையைக் குறைக்கும் காலத்தில் குதிரிலிருந்து எடுப்பதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. உணவு குறைவதால் உள்ளே வரும் சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. உணவைக் குறைத்து எடையிழக்கும் காலத்தில், உண்ட சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ளும் விகிதமும் குறைவதை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்துள்ளார்கள். உடலின் பாரம் குறைவதால், பாரம் தாங்கி உறுதிபெறும் வேலை எலும்புக்குக் குறைகிறது. மாதவிலக்கு நின்றபின் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் கொழுப்புத் திசுவிலிருந்தே கிடைக்கிறது. கொழுப்பு குறையும்போது அதுவும் குறைகிறது.

சுண்ணாம்புச் சத்து கொழுப்பைக் கரைக்குமா?

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கால்சியம் மாத்திரை உண்டால் உடல் இளைக்கும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸெமெல் என்பவர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இரத்தக் கொதிப்பைப் பற்றி ஆராயும் பொருட்டு, பருத்த உடலுடைய சிலருக்கு ஓராண்டுக் காலம் தயிரை மிகுதியாகக் கொடுத்து, அவர்கள் உட்கொள்ளும் கால்சியத்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 1,000 மில்லிகிராமாக உயர்த்தியபோது, அவர்கள் உடலிலிருந்து 4.9 கிலோ கொழுப்பு குறைந்திருந்ததாம். சுண்டெலிகளிடத்தும் இதையொத்த முடிவு கிடைத்தது. செய்தி பரவிற்று. பால் குடித்தால் உடல் மெலியும் என்று அமெரிக்கப் பால் தொழிலினர் விளம்பரமும் செய்தனர்.

பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷாப்சஸ் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும், எடையைக் குறைத்துவந்த 100 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் கால்சியமும், மற்றவருக்குச் சத்தில்லாத போலி மாத்திரையும் 25 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாதவிலக்கு நிற்காதவர், நின்றவர் ஆகிய இருதிறத்தாரும் அவர்களுள் இருந்தனர். எடைக் குறைவிலோ கொழுப்புக் குறைவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2004இல் அறிவித்தார்கள். மாதவிலக்கு நின்ற 36,282 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் சராசரி ஏழாண்டுகள் நடைபெற்ற பெரும் ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் உண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 130 கிராம் மட்டுமே எடை குறைந்திருந்தனர். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் ஏறிவிடும் எடை இது. அமெரிக்க அரசின் வாணிக ஆணையத்துடன் பேசி 2007இல் பால் தொழிலினர் அவ்விளம்பரத்தை நிறுத்திக்கொண்டனர்.

ஆகவே இளைப்பதற்காகக் கால்சியம் உண்பது வீண். ஆனால் இளைக்கும்போது கால்சியம் உண்பது வீணன்று. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைத்தான் நம் தாய்மார்கள் மனத்திற் கொள்ள வேண்டும். எடையிழக்கும் காலத்தில் கால்சியம் சேர்த்து உண்டவர்களுக்கு எலும்பு கரையும் வேகம் அடங்கிற்று என்று அதே ரட்கர்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 1998இல் கண்டார்கள். 2005இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. மிதமாக எடையைக் குறைத்த பெண்களில் நாளொன்றுக்கு ஒரு கிராம் கால்சியம் பெற்றவர்களுக்குங்கூட எலும்பு குறைந்தது. 1.7 கிராம் பெற்றவர்களுக்கு அந்த இழப்பு குறைவாக இருந்தது. ஒரு கிராமே போதவில்லை என்று அங்கே பேசுகிறார்கள். நம் கிராமத்துத் தாய்மார் பலரின் நிலையோ அந்த ஒரு கிராமுக்கும் மிகவும் கீழே இருக்கிறது.

நம் இலையில் என்ன இருக்கிறது?

உணவுச் சத்து ஆராய்ச்சிக்கு இந்நாட்டில் அடித்தளமிட்ட நிலையம், 1918இல் நமது குன்னூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிப் பிரிவாகத் தோன்றி, 1958இல் ஹைதராபாதுக்குச் சென்றது. இன்று தேசிய உணவூட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ளது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் வேண்டும் என்று 2020இல் அது சிபாரிசு செய்துள்ளது. 2010ஆம் ஆண்டுச் சிபாரிசில் வயது வந்தவருக்கு 600 மில்லிகிராம் என்றே இருந்தது. பழைய கணக்கை மனப்பாடம் செய்தவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால், தீட்டிய பச்சரிசி 100 கிராமில் ஏழு மில்லிகிராம் அளவே சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதே 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் உள்ளது. ஏறத்தாழ ஐம்பது மடங்கு! கொடுக்கும் சக்தியிலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. அரிசி 356 கலோரி, கேழ்வரகு 321 கலோரி. அதாவது, ஒரு வேளைச் சோற்றை நீக்கி அந்த இடத்தில் களியை வைத்தால், எடை ஏறுவதற்கு ஒரு காரணமும் சேராமல் நாளின் தேவையில் மூன்றில் ஒரு பங்குச் சுண்ணாம்புச் சத்து உணவில் சேர்ந்துவிடும். எடையைக் குறைக்க விரும்புவோருக்கு இதைவிட எளிய மாற்றம் ஒன்றை நாம் அறியோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் களியும் கீரையும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அன்றாட உணவு. அரிசி வந்தது நன்மையே. 2011 முதல் விலையின்றி அரிசி கிடைத்ததால் பட்டினி நீங்கிய குடும்பங்களை நாம் நேரில் அறிவோம். அரிசியைப் பழிப்பது இங்கே நோக்கமன்று. மூன்று வேளையும் அதுவே என்று ஆகிவிட்டதுதான் குறை. 2023ஆம் ஆண்டு மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பட்டபோது, வாங்கியவர்களில் முதியவர்கள் அதை உண்டதையும், இளையவர்கள் சிலர் மாட்டுக்குக் கரைத்ததையும் ஊழியர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டோம். களி கிண்டும் கை மறந்துபோகும் முன்னர் அதை மாமியார் மருமகளுக்குக் கற்பித்துவிடுவது நல்லது.

கேழ்வரகில் உள்ள சத்து முழுவதும் உடலில் சேர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. தானியங்களில் உள்ள பைட்டிக் அமிலம் அதன் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினாலும், மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் இந்தப் பிடி தளர்கிறது. நம் முன்னோரின் கூழ்ப்பானைக்கு இப்படி ஒரு நியாயம் இருந்திருக்கிறது. சர்க்கரை நோயுள்ளவர்கள் மட்டும், நீர்க்கக் காய்ச்சிய கூழை மடமடவென்று குடிப்பதைவிட, கெட்டியான களியைக் கீரைக் குழம்போடும் பருப்போடும் அளவாக உண்பது நல்லது. நீர்த்த மாவு உணவு சர்க்கரையை விரைவில் ஏற்றிவிடும்.

கீரைகளிலும் பேதம் உண்டு. பாலக் கீரையில் சத்து இருப்பதாக அட்டவணை சொன்னாலும், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலத்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உடலுக்குக் கிட்டுகிறது. பாலிலிருந்து நூற்றுக்கு முப்பது பங்கு கிட்டும். வேலியோரம் நிற்கும் முருங்கையின் இலை 100 கிராமில் 314 மில்லிகிராமும், அகத்தியில் 901 மில்லிகிராமும் உள்ளன. மருந்துண்போர் அகத்தியை விலக்குவது ஊர் வழக்கமாதலால், முருங்கையையே நாம் முதலில் சொல்கிறோம். அது காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள் என்பதும் ஒரு காரணம். கொள்ளு 30 கிராமில் 80 மில்லிகிராம், எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 120 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். முள்ளோடு உண்ணும் நெத்திலிக் கருவாடும் சிறந்ததே. இரத்தக் கொதிப்புள்ளவர்கள் அதை நன்கு கழுவி உப்பைப் போக்கி உண்ண வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து என்றவுடன், “அதற்கென்ன ஐயா, நாள் முழுவதும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவித்தானே போடுகிறோம்!” என்று கூட்டங்களில் எவரேனும் ஒரு பாட்டியம்மாள் சொல்வதுண்டு, அனைவரும் சிரிப்பதுமுண்டு. சிரித்தபின் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வழி செய்பவை. அவற்றோடு சேர்த்து உட்செல்லும் சுண்ணாம்பை நம்பி எலும்பைக் காக்க முடியாது.

கறப்பவளுக்கு ஒரு தம்ளர்

இனி, இந்த விஷயத்தில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்ததைச் சொல்வோம். பசும்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இரு தம்ளர், அதாவது 400 மில்லி பாலோ தயிரோ மோரோ ஒரு நாளில் சேர்ந்தால் 480 மில்லிகிராம் கிடைத்துவிடும். பால் இல்லாத ஊர்கள் நம் வட்டாரத்தில் இல்லை. ஊராட்சி தோறும் கூட்டுறவுச் சங்கத்தின் பால் நிலையம் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து சாணம் அள்ளி, பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாற்பதும் ஐம்பதும் கடந்த பெண்களே. அவர்களில் பலர் வீட்டிற்குத் திரும்பிக் குடிப்பது பால் சேர்க்காத தேநீர்.

ஊராட்சி ஒன்றில் சுய உதவிக் குழுவின் தலைவி ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய் கண்டபின் ஓராண்டில் 68 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு வந்தார். குழுவினர் கைதட்டிப் பாராட்டினார்கள். அவர் கையாண்ட வழி, இரவு உணவை அறவே விட்டுவிட்டதும், கொழுப்பு என்று கருதிப் பாலையும் தயிரையும் நீக்கியதும்தான். காலையும் பகலும் சோறு வழக்கம்போல இருந்தது. பின்னர் ஒருநாள் ஈரமான தொழுவத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் பால் கறக்க இயலாமல், இரண்டு மாடுகளில் ஒன்றை விற்றார். ஒரு கை முறிந்ததற்கு எடைக் குறைப்பே காரணம் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. விழுந்தால் எவருக்கும் முறியலாம். ஆயினும் ஐம்பது அறுபது வயதுப் பெண்கள் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே மணிக்கட்டு முறிவது, எலும்பு மெலிந்திருப்பதற்கு முதல் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

அவரிடம் பாலைப் பற்றிக் கேட்டோம். “அரை லிட்டர் வீட்டுக்கு வைத்தால் மாதத்துக்குப் பதினைந்து லிட்டர் குறையும், ஐயா. தவணை கட்ட வேண்டாமா?” என்றார். இந்தக் கணக்கைப் பிழையென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மாட்டுக் கடனை ஏற்பாடு செய்தவர்களும் நாமே. கறக்கும் பாலில் எவ்வளவு சங்கத்துக்குப் போகிறது என்பதைத் திட்டக் கணக்கில் எழுதுகிறோம். எவ்வளவு வீட்டில் நின்றது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆனால் கை முறிந்த மூன்று மாதத்தின் இழப்பையும், விற்ற மாட்டையும் அந்தப் பதினைந்து லிட்டரோடு எதிர்வைத்துப் பார்த்தபோது, அவரே சற்று நேரம் பேசாமல் இருந்து, “ஒரு தம்ளராவது எடுத்து வைத்திருக்கலாம்” என்றார். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் ஊற்றியபின் மிஞ்சினால் தனக்கு என்னும் வழக்கம், எந்தச் சத்துக் குறைவைவிடவும் கொடியது என்பது நம் கருத்து.

கொழுப்புக்கு அஞ்சுவோர் பாலைக் காய்ச்சி ஆடையெடுத்துப் பயன்படுத்தலாம். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் மோராகப் பருகலாம். நீர் சேர்க்காத வரையில், வெண்ணெய் எடுப்பதால் சுண்ணாம்புச் சத்து குறைவதில்லை. பால் ஒவ்வாதவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 100 கிராம் கேழ்வரகு, 400 மில்லி பால் அல்லது தயிர், ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, சிறிது கொள்ளு, ஒரு கரண்டி எள்ளுப் பொடி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் 1,200 மில்லிகிராம் வந்துவிடுகிறது. இவற்றுள் நம் ஊரில் விளையாதது ஒன்றுமில்லை.

வைட்டமின் டி இல்லாமல் இந்தச் சத்து உடலில் ஏறாது. வெயிலில் வேலை செய்பவருக்கு அது தோலிலேயே உண்டாகும். அண்டை மாநிலமான ஆந்திரத்தின் திருப்பதியில் நடைபெற்ற ஆராய்ச்சிகளில், நகரத்தாரைவிட வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு வைட்டமின் டி கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் உணவில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தது. ஒன்றிருந்தால் மற்றொன்றில்லை என்ற நிலை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு எலும்பைத் தாக்குவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கால்சியம் குறைந்த உடலை அது கடுமையாகத் தாக்கும். இதற்கென்றே அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. குழாய் நீர் வரும் ஊர்களில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை எடுக்காதிருப்பது எலும்புக்குச் செய்யும் பேருதவி.

மாத்திரையும் உழைப்பும்

உணவால் நிரப்ப முடியாதவர்களுக்கு மாத்திரை உண்டு. ஆயினும் அதைக் கடையில் கேட்டு வாங்கி விருப்பம்போல் விழுங்குவது தகாது. மேலே சொன்ன 36,282 பெண்களின் ஆய்வில், மாத்திரை உண்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் நூற்றுக்கு 17 பங்கு அதிகமாகக் காணப்பட்டது. இடுப்பெலும்பின் செறிவு நூற்றுக்கு ஒரு பங்கு கூடியிருந்தது என்பதும் உண்மை. கல் வந்தவர்களும் சிறுநீரக நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. மாத்திரையின் அட்டையில் 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றிருந்தால், அதில் உடலுக்கு வரும் கால்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. ஒரே வேளையில் 500க்கு மேல் உண்பதில் பயன் குறைவு. உணவோடு சேர்த்து உண்பது நலம். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் இரண்டுக்குமிடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து மட்டும் உடலைத் தாங்கிவிடாது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், 65 வயதைக் கடந்த பருத்த உடலுடைய 107 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அனைவருக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கப்பட்டிருந்தன. உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு ஓராண்டில் இடுப்பெலும்பின் செறிவு நூற்றுக்கு 2.6 பங்கும், தசை முதலிய பகுதி 5 பங்கும் குறைந்தன. உணவைக் குறைத்துக்கொண்டே உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு அவை முறையே 1.1 பங்கும் 3 பங்கும் மட்டுமே குறைந்தன. உடல் உழைப்பு எலும்பைப் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. நம் தாய்மார்கள் உழைக்காதவர்கள் அல்லர். ஆனால் ஆழ்துளைக் கிணறும் மாவரைக்கும் இயந்திரமும் வந்தபின், முன்பு குடத்தாலும் உலக்கையாலும் கிடைத்த பாரம் இன்று கிடைப்பதில்லை. வாரத்தில் சில நாட்களாவது இரு கைகளிலும் பாரமெடுத்தல், படியேறுதல், உட்கார்ந்து எழுதல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். பருப்பு, கொள்ளு, முட்டை, மீன் இவற்றில் ஏதேனும் ஒன்று இரு வேளையாவது இலையில் இருந்தால்தான் தசை நிற்கும். எடை குறையும் வேகம் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேற்படாமல் இருப்பது தக்கது.

எலும்பின் செறிவைக் காட்டும் டெக்ஸா என்னும் கருவி நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. ஊரிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று, தையற்காரரின் அளவு நாடா. எடையுடன் இடுப்புச் சுற்றளவும் குறைந்து 80 சென்டிமீட்டரை நோக்கி வந்தால், போவது கொழுப்பு என்று பெரும்பாலும் நம்பலாம். எடை மட்டும் குறைந்து இடுப்பு குறையவில்லையென்றால் ஐயப்பட வேண்டும். மற்றொன்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் வலிமை குறைந்திருக்கலாம் என்பது ஆசிய நாட்டு அறிஞர் குழுவொன்று 2019இல் வகுத்த அளவுகோல். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு நேரம் கூடுவது இயல்பு. அவர்கள் தம் சென்ற மாதத்து நேரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

மேற்சொன்ன ஊராட்சியில், குழுவின் சேமிப்புப் பதிவேட்டின் பின்பக்கத்தில் இப்போது மூன்று பத்திகள் கோடிட்டிருக்கிறார்கள். மாதக் கூட்டத்தன்று எடையும், இடுப்பளவும், ஐந்து முறை எழுந்த நேரமும் எழுதப்படுகின்றன. நான்காவதாக ஒரு பத்தி வேண்டுமென்று அந்தத் தலைவியே கேட்டு வாங்கினார். அன்று காலை வீட்டில் தமக்கென்று எடுத்து வைத்த பாலின் அளவை ஒவ்வொருவரும் அதில் எழுதுகிறார்கள். சென்ற கூட்டத்தில் பதினான்கு பேரில் ஒன்பது பேருடைய கட்டத்தில் எண் இருந்தது; ஐவருடையது வெறுமையாக இருந்தது.